காலை வெயில் பொத்தான்

தன்னைக் கேலி செய்ய அடுத்தவருக்கு அவர் வாய்ப்பே கொடுத்ததில்லை. முந்திக்கொண்டு தானே செய்து முடித்துவிடுவார். வீடுகளை விற்றும் வாடகைக்கு விட்டும் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் படம் எடுப்பது அவர் வேலை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கக்கூஸைப் படம் எடுக்கறேன்" என்பார். அதில் பொய் இல்லை. ஒரு வீட்டுக்குப் போனால் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிவறை என்று ஒன்று விடாமல் எடுத்தாக வேண்டும். கல்யாணத்தில் படம் எடுக்கிறவரிடம் ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள். இவருக்கு முன்னால் இதுவரை வந்து நின்றவை பீரோவும் வாளியும்தான். அவையாவது ஆடாமல் நிற்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

அலுவலகத்தில் அவருக்கு 'மூணு கிளிக்' என்று பெயர். ட்ரைபாடை ஊன்றி, கேமராவை அசையாமல் வைத்து, ஒவ்வோர் அறையையும் மூன்று தடவை எடுப்பார். ஒரு படம் இருட்டாக விழும். அதில் ஜன்னலுக்கு வெளியே இருப்பது மட்டும் தெளிவாக இருக்கும். ஒரு படம் வெளேரென்று விழும். அதில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு கூடத் தெரியும், ஜன்னல் மட்டும் வெற்றுக் காகிதமாகப் போயிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்று, நம் கண் பார்ப்பதைப் போல. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளிடம் கொடுத்தால் மூன்றிலும் நல்லதை எடுத்து ஒரே படமாகச் சேர்த்துத் தரும். ஜன்னலும் தெரியும், செருப்பும் தெரியும். செருப்பை அப்புறம் தனியாக உட்கார்ந்து அழிக்க வேண்டும்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். எதையும் மூணு தடவை சொன்னாத்தான் அவருக்குக் காதுல விழும்" என்பாள் அவர் மனைவி.

மனைவிக்குத் தையல் வேலை. புதுத் துணி தைப்பதில்லை. தைத்த துணியைத் திருத்துவாள். ஒரு தையல்கடைக்காரர் மூட்டையாகக் கொடுத்தனுப்புவார். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, கிழிந்த உள்துணியை மாற்றுவது என்று வீட்டிலேயே உட்கார்ந்து செய்வாள். அவள் கை பட்ட இடத்தில் திருத்தியது தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் அதைப் பார்த்து வருகிறார். அந்தக் கர்வம் அவருக்குப் பிடிக்கும். தன்னிடம் இல்லாத சரக்கு என்பதால் கூடுதலாகவே பிடிக்கும்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்று இருந்தது. அதில் கட்டடம் எழும்ப ஆரம்பித்தது. ஒவ்வொரு தளம் ஏற ஏற, இவர்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் ஒவ்வொரு சாணாக இறங்கியது. கடைசியில் நட்ட நடுப்பகலிலும் ட்யூப்லைட் போட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்றானது. ட்யூப்லைட்டில் கருப்பும் கருநீலமும் இரட்டைப் பிள்ளைகள். ஒரு ஹோட்டல் பணியாளர்களின் கருப்புக் கோட்டுகள் மொத்தமாக வந்தபோது, அத்தனை கைகளையும் அவள் கருநீல நூலால் மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். வெயிலில் போய் நின்றதும் ஒவ்வொரு பணியாளர் மணிக்கட்டிலும் நீலக் கோடு பளிச்சென்று தெரிந்ததாம்.

தையல்கடைக்காரர் நல்ல மனிதர். கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்மா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். மெதுவாகச் சொன்னதால் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் கணவரிடம் சொன்னாள்: "எனக்கு வெளிச்சமா ஒரு வீடு வேணுங்க. சின்னதா இருந்தாலும் சரி, பழசா இருந்தாலும் சரி. பகல்ல பகல் மாதிரி இருக்கணும்."

"வீடுதானே? இந்த ஊர்ல என்னை விட அதிக வீடு பார்த்தவன் எவன் இருக்கான்?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நெஞ்சு நிமிர்ந்த போதெல்லாம் ஏதாவது ஒரு வம்பு வந்திருக்கிறது. அவருக்கே அது தெரியும். தெரிந்தும் நிமிர்த்துவார்.

அதே சமயத்தில் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதிதாக வந்ததில் பழைய மென்பொருள் ஓடமாட்டேன் என்றது. முதலாளி இவரை விட வயதில் சின்னவர். கூப்பிட்டு உட்கார வைத்து, "அண்ணே, இந்த மூணு படத்தை ஒண்ணாக்குறதுக்கு நாலு சாமான் இருக்காம். எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்து எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் மனிதர் கவிழ்ந்தார். அத்தனை வருஷ வேலையில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அதிகம் போனால், "இந்த விளக்குமாறை எடுத்து ஓரமா வெக்கவா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நான்கையும் சோதனைக்கு என்று இலவசமாக இறக்கிக்கொண்டார். இலவசம் என்பதால் வருகிற படம் ஒவ்வொன்றின் நடுவிலும் அந்தந்தக் கம்பெனியின் பெயர் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி குறுக்கே தொங்கும். அந்தப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. தாமே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்: ஆமை, சாது, பேயோட்டி, ஜிகினா.

ஆமையிடம் மூன்று படத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டரின் விசிறி ஆலை மாதிரி இரைய ஆரம்பிக்கும். இவர் எழுந்து போய் டீ குடித்து, டீக்கடையில் நாலு பேரிடம் நாட்டு நடப்பு பேசி, திரும்பி வந்து பார்த்தாலும் அது யோசித்துக்கொண்டேதான் இருக்கும். சாதுவோ நேர் எதிர். சட்டென்று முடித்துவிடும். என்ன செய்தது என்பதுதான் தெரியாது. நடுப் படத்தையும் அது கொடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, செய்தேன் என்று சொல்வது போல இருக்கும். அந்த விஷயத்தில் மட்டும் அவருக்குச் சாதுவோடு ஒரு நெருக்கம் ஏற்பட்டது.

பேயோட்டி தனிக் கதை. மூன்று கிளிக்குக்கும் இடையில் எது அசைந்தாலும் அது சேர்த்த படத்தில் அரைகுறையாகப் பதிந்து பேய் மாதிரி தெரியும். தொழிலிலும் அதற்குப் பேய் என்றுதான் பெயர். ஒரு வீட்டில் படம் எடுக்கும்போது பூனை ஒன்று குறுக்கே போயிருந்தது. சாது அதற்கு மூன்று வால் கொடுத்தது. பேயோட்டி பூனையைத் தடயமே இல்லாமல் துடைத்துவிட்டது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்போதுதான் படத்தின் மேல்பக்கத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் இறக்கைகளையும் பேய் என்று நினைத்து அது ஓட்டிவிட்டிருந்தது. கூரையிலிருந்து வெறும் தடி மட்டும் தொங்கியது. அப்படி ஒரு வீட்டை யார் வாடகைக்கு எடுப்பார்கள்?

ஜிகினாவுக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மட்டமான மென்பொருள்கள் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி மகான்களின் தலைக்குப் பின்னால் போடுவது போல ஒரு வெள்ளை வளையம் போடும். ஜிகினாவில் அது இல்லை. அதோடு விட்டதா? வெளியே மேகமூட்டமாக இருந்தால் நீல வானத்தை அதுவே கொண்டுவந்து வைத்தது. 'காலை வெயில்' என்று ஒரு பொத்தான் வேறு. அதை அழுத்தினால் ஜன்னல் வழியாக இளம் மஞ்சள் வெயில் உள்ளே சாய்ந்து, தரையில் கம்பிகளின் நிழலோடு விழுந்தது. மேசை இருந்தால் மேசைக்கும் நிழல் விழுந்தது. அவர் அந்தப் பொத்தானைப் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார்.

கடைசிச் சோதனைக்கென்று, தான் எடுத்ததிலேயே படு இருட்டான வீட்டைப் பழைய படங்களிலிருந்து தோண்டி எடுத்தார். எங்கேயோ ஒரு சந்துக்குள், முதலாளி காரில் கூட்டிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன வீடு. ஊர் பேர் நினைவில்லை. அதன் முன்னறைப் படத்தை நாலு மென்பொருளிடமும் கொடுத்தார். இந்தக் குகையை எது வீடாக்கிக் காட்டுகிறதோ அதற்கே முதல் மார்க் என்று முடிவு செய்திருந்தார். ஜிகினா அதை மாளிகையாக்கிக் காட்டியது. தலைப்பு, துணைத்தலைப்பு, தான் வைத்த பெயர்கள், மார்க் எல்லாம் போட்டு ஓர் அறிக்கை தயாரித்தார். 'காலை வெயில் பொத்தான்: பத்துக்கு ஒன்பது. வெயில் உண்மையிலேயே அடிப்பது போல உள்ளது' என்று அதில் ஒரு வரி. ஒரு மார்க் குறைத்தது, தான் சும்மா வாரி வழங்குகிற ஆள் இல்லை என்று காட்டுவதற்கு. முதலாளி அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ஜிகினாவை வாங்கிப் போட்டார். ஆசை தாங்காமல், அந்தச் சந்து வீட்டின் மற்ற அறைப் படங்களையும் முதலாளியே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். எல்லாப் பொத்தானையும் அழுத்தி, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவைத்தார்.

இது எதுவும் நம்மவருக்குத் தெரியாது. அவர் வீட்டில் தன் புத்திசாலித்தனத்தைப் பற்றி மனைவியிடம் அளந்துகொண்டிருந்தார். அவளோ போனில் வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க பாருங்க. எவ்வளவு வெயில்!"

அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் பார்த்தார். யாரோ ஒரு வீட்டுக்காரர் நடுவில் ஆள் வேண்டாம் என்று தன் போன் நம்பரை மட்டும் கொடுத்து நேரடியாகப் போட்டிருந்த விளம்பரம். படத்தில் ஒரு படுக்கையறை. பெரிய ஜன்னல், அதற்கு அப்பால் நீல வானம், பஞ்சு மாதிரி இரண்டு மேகம். வெயில் உள்ளே வந்து தரையில் சாய்ந்து படுத்திருந்தது.

"எடுத்தவன் கைகாரன். ஜன்னலைச் சுத்தி வளையமே இல்ல பாரு. நம்மள மாதிரி கத்துக்குட்டி இல்ல" என்றார்.

"படத்தை விடுங்க. வீட்டைப் பாருங்க."

"வீட்டைத்தான் சொல்றேன். ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கு. நிழல் விழுந்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தாலே தெரியுது. நீ அந்த மூலையில மெஷினைப் போட்டா சாயங்காலம் வரைக்கும் லைட்டே போட வேண்டாம்."

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. அந்த வீட்டை அவர் நேரில் இருட்டில்தான் பார்த்திருந்தார். வெளிச்சமாகப் பார்த்தது முன்னறையை மட்டும்தான். இந்தப் படுக்கையறையை எடுத்ததே அவர் மறந்துபோயிருந்தார். தவிர, அன்றைக்கு அவர் அந்தப் படத்தைத் தொழில்காரனாகப் பார்க்கவில்லை. மனைவிக்கு வெயில் தேடிக்கொண்டிருந்த புருஷனாகப் பார்த்தார். அவருக்கு வெயில் வேண்டியிருந்தது. படத்தில் வெயில் இருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். வெளியூரில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டுவதாகவும், அதற்குள் வேறு ஆள் கேட்டால் கொடுத்துவிடுவதாகவும் அவர் சொன்னார். "எங்களுக்குத்தான் வேணும். யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று நம்மவர் முந்திக்கொண்டார்.

"ஒரு எட்டு நேர்ல பார்த்துட்டு சொல்லலாமே?" என்றாள் மனைவி.

"நான் பார்க்காத வீடா? படத்தைப் பார்த்தே வீட்டோட ஜாதகத்தைச் சொல்லுவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றைக்கே கீழே இறங்கிப் போய், குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். சொந்தக்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் மச்சானுக்கு அவசரமாக வீடு தேவைப்பட்டதாம். மச்சான் மறுநாளே குடும்பத்தோடு வந்து, எங்கே கட்டில் போடுவது என்று இவர்கள் முன்னாலேயே அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வீட்டுக்காரர் முக்குக்கு வந்து அழைத்துக்கொண்டார். சந்துக்குள் திரும்பியதும் எங்கேயோ பார்த்த இடம் போல அவருக்குத் தோன்றியது. எல்லாச் சந்தும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒருக்களித்து நடந்தபோது, ட்ரைபாட் பையோடு இதே இடத்தில் மாட்டிக்கொண்டு யாரையோ திட்டியது நினைவுக்கு வந்தது. இரும்புப் படிக்கட்டைப் பார்த்ததும் அந்தக் குகை வீடுதான் இது என்று தெரிந்துபோனது. வீட்டுக்காரர் கதவை முழுசாகத் திறப்பதற்கு முன்னால் கையை உள்ளே விட்டு விளக்கைப் போட்டார்.

"லைட்டு போட்டுக்கிட்டா ஜம்முனு இருக்கும்" என்றார்.

"கொஞ்சம் அணைங்களேன்" என்றாள் மனைவி.

அணைத்தார். அணைத்த பிறகு அவர் நிற்கிற இடமே தெரியவில்லை. படுக்கையறையில் ஜன்னல் இருந்தது. படத்தில் இருந்த அதே ஜன்னல்தான். அதற்கு வெளியே கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர், அதில் பாசி பிடித்த மழைநீர்க் குழாய். நீல வானத்தையும் பஞ்சு மேகத்தையும் தேடினால் முதலாளியின் கம்ப்யூட்டரில்தான் தேட வேண்டும். மனைவி கைப்பையிலிருந்து இரண்டு நூல்கண்டுகளை எடுத்தாள். ஒன்று கருப்பு, ஒன்று கருநீலம். வீடு பார்க்கப் போகிறோம் என்று கிளம்பும்போதே எடுத்து வைத்திருந்தாள் போல. ஜன்னலோரம் போய் உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

"இதுல எது கருப்பு?"

அவர் குனிந்து பார்த்தார், தூக்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். தெரியவில்லை.

"போட்டோவுல நல்லா வெளிச்சமா இருந்துச்சே" என்று அவள் வீட்டுக்காரரிடம் கேட்டாள். கோபமாகக் கூட இல்லை, ஏமாந்த குழந்தையின் குரலில் கேட்டாள்.

"அதெல்லாம் படம் எடுத்தவரோட திறமைங்க. ஏதோ ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காராம், இருட்டையும் பகலாக்கிடுவாராம்" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

மூணு கிளிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். கூடவே குடும்பம் நடத்துகிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சந்தைத் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகுதான் பேசினாள். "நீங்கதானா அது?"

"நான்தான். ஜன்னலைச் சுத்தி வளையம் இல்லன்னு சொன்னேனே, அந்தக் கைகாரன்."

அவள் சிரித்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "சொந்தக் கண்ணையே ஏமாத்துற அளவுக்கு நல்ல சாமானாத்தான் வாங்கிக் கொடுத்திருக்கீங்க" என்றாள். அவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அவள் சிரிப்பு நின்று கண் கலங்கிவிட்டது. "மாசக் கடைசிக்குள்ள எங்கங்க போறது? கடைக்காரர் புது மூட்டை அனுப்பியிருக்கார். எல்லாம் கருப்பு. பிரிக்கவே பயமா இருக்கு" என்றாள். அவரும் சிரிப்பை நிறுத்தினார். தன்னைக் கேலி செய்து எத்தனையோ இக்கட்டுகளிலிருந்து தப்பித்தவர்தான். இதிலிருந்து அப்படித் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அசடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் அசட்டுத்தனத்துக்கு அவள் வேலை போகக்கூடாது.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்: "இத்தனை வருஷமா வீடு வீடாப் போறீங்க. ஒரு வீடாவது உண்மையிலேயே வெளிச்சமா இருந்திருக்காதா?"

அவரால் ஒன்றையும் நினைவுபடுத்த முடியவில்லை. யோசிக்க யோசிக்க அவருக்கே வெட்கமாகப் போனது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் தேடுவது குறையைத்தான். எந்த மூலை இருட்டு, எந்த ஜன்னல் வெளுத்துப்போகும், எதை அழிக்க வேண்டும். வேலை வைக்கிற வீடுகள்தான் அவர் மனதில் தங்கியிருந்தன. வேலை வைக்காத வீடு ஏதாவது இருந்திருந்தால் அதை அவர் மதித்துப் பார்த்தே இருக்கமாட்டார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் பழைய படங்களை எல்லாம் திறந்தார். இந்தத் தடவை சேர்த்த படங்களைத் தொடவில்லை. ஒவ்வோர் அறையிலும் மூன்றில் நடுவில் இருக்கிற படத்தை மட்டும் பார்த்தார். கண் பார்ப்பதைப் போல விழுகிற அந்த ஒன்றை. பார்க்கப் பார்க்க மனம் சோர்ந்தது. அவர் பளபளப்பாக்கி அனுப்பிய வீடுகள் எல்லாம் ஒப்பனை கலைத்த முகத்தோடு வரிசையாக வந்து நின்றன. இந்த ஊரில் ஜனங்கள் இத்தனை இருட்டிலா குடியிருக்கிறார்கள் என்று தோன்றியது. முதலாளி அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஏன் பாதிப் படமா பார்க்கறீங்க? நம்ம ஜிகினாவை ஓட்டலையா?"

"ஓட்டிட்டேன் சார். அது என்னை ஓட்டிருச்சு" என்றார் அவர். முதலாளிக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

'சுமார்' என்று பெயர் போட்ட ஒரு பெட்டி அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. எடுப்பாக வராத படங்களை அதில் தள்ளிவிடுவார். அதைத் திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். மற்றதெல்லாம் முடிந்துவிட்டதால் திறந்தார். அதில் ஒரு மாடி வீடு இருந்தது. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அறையில் சாமான் எதுவும் இல்லை. நடுப் படத்தைப் பார்த்தவர் கொஞ்சம் நிறுத்தி, இருட்டுப் படத்தையும் வெளிச்சப் படத்தையும் திறந்தார். பிறகு மூன்றையும் ஜிகினாவிடம் கொடுத்துப் பார்த்தார். வந்த படத்துக்கும் நடுப் படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. காலை வெயில் பொத்தானை அழுத்தினார். அப்போதும் மாறவில்லை. வெயில் விழவேண்டிய இடத்தில் ஏற்கனவே வெயில் விழுந்திருந்தது. ஜிகினாவுக்கு அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. இந்தப் படம் மட்டும் இதுவரைக்கும் யார் கண்ணிலும் பட்டிருக்கக்கூடாதே என்று, தான் எடுத்த படத்தைப் பற்றி முதல் தடவையாக வேண்டிக்கொண்டார்.

விசாரித்தார். வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. பளபளவென்று மின்னுகிற மற்ற வீடுகளுக்கு நடுவில் அந்தப் படம் சோகை பிடித்தது போல இருந்ததால் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடி மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "அந்தக் கேமராவை வெச்சுட்டு வாங்க" என்றாள் அவள். வைத்துவிட்டு வந்தார்.

படி செங்குத்தாக இருந்தது. வீட்டுக்காரம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து முன்னால் ஏறினார். கதவைத் திறந்ததும் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் ஜன்னல். எதிரே யாரும் கட்டடம் எழுப்ப முடியாதபடி அகலமான ரோடு. வெயில் சுண்ணாம்பு உரிந்த சுவரில் கூசாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நூல்கண்டுகளை எடுத்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் கூடப் போகவில்லை. அறையின் உள் மூலையில், சுவரோடு சுவராக நின்று உள்ளங்கையை விரித்தாள். கருப்பு கருப்பாக இருந்தது, நீலம் நீலமாக இருந்தது. வாசற்படியில் நின்றிருந்த அவருக்கே தெரிந்தது. அவர் வேறு பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் துடைத்தார்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா. இங்கேயே வந்துடறோம்" என்றாள் மனைவி.

வீட்டுக்காரம்மாவால் நம்ப முடியவில்லை. "நிஜமாவா? இவ்வளவு நல்ல வீடு, இத்தனை மாசமா ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலம்மா. எல்லாம் அந்தப் போட்டோவாலதான். ஆபீஸ்ல இருந்து எவனோ ஒருத்தன் வந்தான், மூஞ்சி கூட ஞாபகம் இல்ல. கேமராவைப் பிடிக்கவே தெரியல. ஒரே இடத்தை மூணு மூணு தடவை எடுக்கறான். எடுத்து என்ன பிரயோஜனம்? அழுது வடியுற மாதிரி ஒரு படம். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

மூணு கிளிக் சட்டென்று ஜன்னல் பக்கம் நகர்ந்து ரோட்டை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். எப்போதும் முந்திக்கொள்கிற வாய் இந்தத் தடவை திறக்கவில்லை. மனைவி அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு நூல்கண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"திட்டாதீங்கம்மா. அவர் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான்."